விற்றதால் பிழைத்த கார்

1996 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் ஈவி1 என்ற மின்சாரக் காரை இறக்கியது. யாருக்கும் விற்கவில்லை, குத்தகைக்கு மட்டும் கொடுத்தது. மொத்தமே 1,117 கார்கள்தான் செய்யப்பட்டன. குத்தகைக் காலம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று ஓட்டியவர்கள் கெஞ்சியும் பலனில்லை. சில கார்கள் இயங்காதபடி முடக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போயின. பெரும்பாலானவை நசுக்கப்பட்டன. 1997இல் ஹோண்டா குத்தகைக்கு விட்ட ஈவி பிளஸ் என்ற மின்சாரக் காரும் இதே வழியில் திரும்பிப் போனது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியோடு வந்த முன்னோடி வண்டி அது. ஓட்டியவர் ஒருவர் கையிலும் அது தங்கவில்லை.

அதே ஹோண்டா 1999 டிசம்பரில் இன்சைட் என்ற இரண்டு இருக்கைக் காரை அமெரிக்கக் கடைகளில் வைத்தது. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் இன்றைய ஹைப்ரிட் கார்களின் வரிசையில் வட அமெரிக்காவில் முதலில் விற்பனைக்கு வந்தது இதுதான். டொயோட்டாவின் ப்ரியஸ் அங்கே வர இன்னும் ஏழு மாதங்களுக்கு மேல் இருந்தது. விலை 20,000 டாலருக்குள். பணம் கட்டியவர் பெயருக்கே வண்டியின் உரிமைப் பத்திரம் எழுதப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து என்னைப் போன்ற ஒருத்தி அந்தக் காரை வாங்கி, கழற்றி, மாட்டி, தினமும் ஓட்ட முடிகிறதென்றால் அதற்கு அடிப்படை அந்தப் பத்திரம்தான். ஒரு இயந்திரத்தின் வரலாறு நிலைப்பதும் அழிவதும் அதன் காகிதம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்சைட்டின் கதையை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். அப்பா கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், சப்மெர்சிபிள், மாவு மில் மோட்டார் என்று எது எரிந்து வந்தாலும் பழைய காயிலை அறுத்தெடுத்து, சுற்று எண்ணி, புதுக் கம்பி கட்டி, வார்னிஷ் ஊற்றி, மெக்கர் வைத்துப் பார்த்து அனுப்புவார். ஒரு மோட்டாரைத் தூக்கி எறியச் சொன்னதை அவர் வாயால் நான் கேட்டதில்லை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேக்கு வந்து மின்னணுத் துறையில் வேலை பார்க்கிறேன் என்றாலும், பழுதானதைத் திறந்து பார்க்கும் கை அந்தக் கடையில் பழகியதுதான். சாக்ரமெண்டோ பக்கத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து 2001 மாடல், வெள்ளி நிற, கையால் கியர் போடும் இன்சைட்டை வாங்கினேன். புதிதாக எடுத்த நாளிலிருந்து போட்ட பெட்ரோலையும் ஓடிய மைலையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார் அவர். சாவியோடு அந்த நோட்டையும் கையில் கொடுத்தார்.

பெட்ரோல் இன்ஜினையும் மின் மோட்டாரையும் ஒரே வண்டியில் சேர்க்கும் எண்ணம் புதிதல்ல. 1900 வாக்கில் வியன்னாவின் லோனர் நிறுவனத்தில் வேலை பார்த்த இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே அப்படி ஒரு வண்டியைச் செய்தார். சிகாகோவின் உட்ஸ் நிறுவனம் 1910களின் நடுவில் டூயல் பவர் என்ற காரை விற்றுப் பார்த்தது. விலை அதிகம், வேகம் குறைவு, நிலைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் விக்டர் வூக் என்ற பொறியாளர் ஒரு பியூக் ஸ்கைலார்க் காரை ஹைப்ரிடாக மாற்றி அரசுச் சோதனைக்குக் கொண்டுபோனார். திட்டம் அதற்குமேல் நகரவில்லை. ஈய பேட்டரியின் கனமும், மின்சாரத்தை நொடிக்கு நொடி மாற்றிக் கொடுக்கும் மின்னணுச் சாதனம் இல்லாததும் இவர்கள் எல்லோருக்கும் தடையாக இருந்தன. 1990களில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியும் மலிவான பவர் டிரான்சிஸ்டர்களும் வந்த பிறகே கதவு திறந்தது.

முதலில் நுழைந்தது டொயோட்டா. 1993இல் ஜி21 என்ற பெயரில் அடுத்த நூற்றாண்டுக்கான கார் பற்றிய ஆய்வு தொடங்கியது. தலைமைப் பொறியாளராகத் தகேஷி உச்சியமாடா பொறுப்பேற்றார். 1995 இறுதியில் செய்த முதல் மாதிரி வண்டி 49 நாட்கள் அசையவே மறுத்தது. அந்த நிலையிலிருந்து இரண்டே ஆண்டுகளில், 1997 டிசம்பரில், கியோட்டோவில் உலக நாடுகள் பருவநிலை ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில், ப்ரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஐந்து பேர் உட்காரும் குடும்பக் கார். இன்ஜினையும் இரண்டு மின் இயந்திரங்களையும் ஒரு கிரகப் பல்சக்கர அமைப்பு இணைத்தது. இன்று உலகெங்கும் ஓடும் டொயோட்டா ஹைப்ரிட்கள் அந்த வடிவத்தின் வாரிசுகள்.

ஹோண்டா வேறு கேள்வியிலிருந்து தொடங்கியது. இரண்டு பேரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு குறைவான பெட்ரோல் போதும்? 1980களில் அவர்களே செய்த சிஆர்எக்ஸ் ஹெச்எஃப் என்ற சிறிய கார் அதே கேள்வியை மின்சாரம் இல்லாமல் கேட்டிருந்தது. 1997 டோக்கியோ கண்காட்சியில் ஜே-விஎக்ஸ் என்ற மாதிரியைக் காட்டி, இரண்டு ஆண்டுகளில் இன்சைட்டாக அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

உடல் முழுக்க அலுமினியம். எஃகில் செய்திருந்தால் ஆகும் எடையைவிட 40 சதவீதம் குறைவு என்று ஹோண்டா சொன்னது. என்எஸ்எக்ஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரை அலுமினியத்தில் கட்டிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. அந்த என்எஸ்எக்ஸும் எஸ்2000 என்ற காரும் தயாரான தோச்சிகி மாவட்டத்துச் சிறிய ஆலையிலேயே இன்சைட்டும் தொடக்கத்தில் தயாரானது. 2004இல்தான் சுசூகாவுக்கு மாறியது. மொத்த எடை ஏறத்தாழ 840 கிலோ. இன்ஜினின் எண்ணெய்த் தட்டு மெக்னீசியத்தில் செய்தது. காற்றைக் கிழித்துப் போவதற்காகப் பின்சக்கரங்களை மூடிகள் பாதி மறைக்கின்றன. பின்சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம் முன்னதைவிடக் குறைவு. காற்றுத் தடை எண் 0.25. அப்போது விற்பனையில் இருந்த கார்களில் மிகக் குறைவான எண்களில் ஒன்று.

இன்ஜின் 995 சிசி, மூன்று சிலிண்டர். அதற்கும் கியர் பெட்டிக்கும் நடுவே 60 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மின் மோட்டார். 10 கிலோவாட் சக்தி. வேகம் எடுக்கும்போது இன்ஜினுக்குக் கை கொடுக்கும். பிரேக் பிடிக்கும்போது அதுவே ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும். சிக்னலில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தினால் இன்ஜின் அணைந்துவிடும். கியர் போடப் போனதும் சத்தமின்றி உயிர்பெறும். அந்த மோட்டாரின் படத்தை வீடியோ அழைப்பில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “ஏனம்மிணி, இது மோட்டாரா தோசைக்கல்லா? இத்தனூண்டு இடத்துல எப்படிச் சுத்தி வெச்சான்?” என்றார். வாழ்நாள் முழுக்க உருளை வடிவ ஸ்டேட்டர்களில் காயில் கட்டியவர். பெரிய வட்டத்தில் குட்டையான பற்களாக நிறுத்தி ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சுற்றியிருப்பதை விளக்கியபோது, எத்தனை பல், எந்த கேஜ் கம்பி என்று கேட்டுக்கொண்டே போனார்.

கியர் மாற்றி ஓட்டும் இன்சைட்டில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சாதாரண பெட்ரோல் இன்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று. சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது இந்த இன்ஜின் 20 பங்குக்கும் மேல் காற்றைக் கலந்து மெலிந்த கலவையில் ஓடும். அப்போது மைலேஜைக் காட்டும் பட்டை சட்டென நீளும். அப்படி ஓடும்போது உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒரு சிறப்பு வினையூக்கி பிடித்து வைக்கும். அதைச் சுத்தம் செய்ய அவ்வப்போது கலவை ஒரு கணம் அடர்த்தியாகும். பட்டை சற்றே தாழ்ந்து மீண்டும் எழும். மூன்று சிலிண்டர்களுக்குள் இத்தனை சிந்தனை வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். எனக்கு இந்தக் காரில் பிடித்த விஷயங்களில் இதற்கே முதலிடம்.

அமெரிக்க அரசின் அன்றைய கணக்கில் நகரத்தில் கேலனுக்கு 61 மைல், நெடுஞ்சாலையில் 70 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 26, 30 கிலோமீட்டர். சோதனை முறை கடுமையாக்கப்பட்ட பிறகு சராசரி 53 மைல் என்று திருத்தினார்கள். அந்தத் திருத்திய எண்ணைக்கூட, சுவரில் செருகிச் சார்ஜ் செய்யத் தேவையில்லாத எந்தப் பெட்ரோல் காரும் 2016 மாடல் ப்ரியஸ் எக்கோ வரும்வரை தாண்டவில்லை.

இவ்வளவு இருந்தும் சந்தை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1999 அமெரிக்காவில் பெட்ரோல் கொள்ளை மலிவு. அதே ஆண்டில் ஃபோர்டு மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள எக்ஸ்கர்ஷனை அறிமுகம் செய்தது. மக்கள் பெரிய வண்டிகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு இருக்கை என்பதால் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்சைட் சரிப்படவில்லை. 2001இல் அமெரிக்காவில் 4,726 விற்றது. 2004இல் வெறும் 583. அதே 2004இல் ப்ரியஸ் 53,000ஐத் தாண்டியது. 2006இல் ஹோண்டா உற்பத்தியை நிறுத்தியது. ஏழு ஆண்டுகளில் உலகம் முழுவதற்கும் செய்த முதல் தலைமுறை இன்சைட்கள் 17,000 சொச்சம்தான். பிறகு 2009இலும் 2018இலும் இன்சைட் என்ற பெயரில் வந்தவை எஃகு உடலும் ஐந்து இருக்கையும் கொண்ட வேறு கார்கள்.

நடுவில் கலிஃபோர்னியா அரசு ஒரு சலுகை கொடுத்தது. காரில் ஒருவரே இருந்தாலும் நெடுஞ்சாலையின் கார்பூல் தடத்தில் போகலாம் என்று ப்ரியஸ், சிவிக் ஹைப்ரிட், இன்சைட் மூன்றுக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் வழங்கினார்கள். 85,000 ஸ்டிக்கர்களோடு நிறுத்திக்கொண்டார்கள். 2011 ஜூலையில் சலுகை முடிந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய பழைய காருக்கு அந்த நாட்களில் தனி விலை. இன்றும் சில இன்சைட்களின் பம்பரில் அந்த மஞ்சளின் தடத்தைப் பார்க்கலாம். அன்றாடம் அலுவலகத்துக்கு ஓடி உழைத்த வண்டி என்று அது சொல்லும்.

இனி இந்தக் காரின் இரண்டாம் வாழ்க்கை. என் பார்வையில் வரலாற்றின் செழுமையான பகுதி இதுதான். இருக்கைகளுக்குப் பின்னால் தரையடியில் 144 வோல்ட் பேட்டரி இருக்கிறது. டார்ச் லைட்டில் போடும் பெரிய செல் அளவில் 120 செல்கள். ஆறு ஆறாகக் கோத்து 20 குச்சிகள். ஒவ்வொரு செல்லும் 1.2 வோல்ட். எல்லாச் செல்களும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. வண்டி சும்மா நிற்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் தானாகவே சார்ஜ் இழக்கும். கூட்டத்தில் ஒன்று முதலில் காலியானால், மொத்தப் பேட்டரியும் காலி என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துவிடும். பாதிக்கு மேல் காட்டிக்கொண்டிருந்த அளவுமானி நொடியில் சரியும்; கம்ப்யூட்டர் வலுக்கட்டாயமாகச் சார்ஜ் ஏற்றவைக்கும். பிறகு மின் மோட்டார் அமைப்பில் கோளாறு என்று சொல்லும் ஐஎம்ஏ விளக்கு எரியும். 2000களின் இறுதியில், உத்தரவாதக் காலம் முடிந்த வண்டிகளில் இது அடுக்கடுக்காக நடந்தது. புதுப் பேட்டரியின் விலை பழைய காரின் விலைக்கு அருகில் வந்தபோது பலர் காரை உடைக்கக் கொடுத்தார்கள்.

கொடுக்காதவர்கள் கற்றுக்கொண்டார்கள். குச்சிகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றையும் அளந்தார்கள். பலவீனமானதை மாற்றினார்கள். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இரவு முழுக்க, விசிறி ஓட, மெதுவாகச் சார்ஜ் ஏற்றி எல்லாச் செல்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முடியும் என்று கண்டார்கள். சிலர் பிற்கால ஹைப்ரிட் கார்களிலிருந்து எடுத்த லித்தியம் மாட்யூல்களைப் பொருத்தி, அவற்றைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையையும் தாங்களே வடிவமைத்தார்கள். எந்தத் தொழிற்சாலையும் இதைச் சொல்லித்தரவில்லை. பொறியாளர்கள், ஆசிரியர்கள், மெக்கானிக்குகள் என்று பலதரப்பட்ட உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் அளவீடுகளைப் பகிர்ந்து சேர்த்த அறிவு அது. குத்தகைக் கார்களுக்கு இப்படிப்பட்ட மாணவர்கள் வாய்க்கவே இல்லை. வண்டி சொந்தமாக இருந்ததால்தான் இவர்களுக்கு அதைத் திறக்கும் உரிமை இருந்தது.

ஹோண்டாவின் வடிவமைப்பும் இதற்கு உதவியது. இன்சைட்டில் சாதாரண 12 வோல்ட் ஸ்டார்ட்டர் ஒன்று கூடுதலாக உண்டு. பெரிய பேட்டரி செத்தாலும் இன்ஜின் கிளம்பும், கியர் விழும், வண்டி வீடு வந்து சேரும். ப்ரியஸில் அது முடியாது. அங்கே இன்ஜினைக் கிளப்புவதே உயர் மின்னழுத்த பேட்டரிதான். பழைய கார் வாங்குபவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிய ஆறுதல்.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். எரியும் ஐஎம்ஏ விளக்கை 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தற்காலிகமாக அணைத்துவிடலாம். எனவே கடையைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நீண்ட மேட்டில் ஏற்றி, மோட்டாரை உழைக்கவிட்டு, அளவுமானி படிப்படியாக இறங்குகிறதா, திடீரென்று விழுகிறதா என்று பாருங்கள். சமதளச் சாலையில் ஆக்ஸிலரேட்டரை மெல்லப் பிடித்தால் மைலேஜ் பட்டை எகிற வேண்டும்; எகிறாவிட்டால் மெலிந்த கலவைக்கான ஆக்ஸிஜன் சென்சாரோ வினையூக்கியோ தளர்ந்திருக்கலாம். இரண்டுமே விலை பிடித்தவை. நியூட்ரலில் கிளட்ச்சை விட்டதும் உறுமல் கேட்டு, மிதித்ததும் நின்றால், கியர் பெட்டியின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பனிக்கு உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய வண்டியில் அடியிலுள்ள எஃகு பாகங்களையும், எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களையும் கைவிளக்கு வைத்துப் பாருங்கள். மோதிய வண்டியைத் தவிருங்கள். அலுமினிய உடலைச் சரியாக நிமிர்த்தத் தெரிந்த பட்டறைகள் குறைவு. பின்சக்கர மூடிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். சிவிடி என்ற தானியங்கி கியர் உள்ள வண்டி நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது உதறினால் வேண்டாம். அந்த வகையில் மெலிந்த கலவை நுட்பமும் கிடையாது. கையால் கியர் போடும் வண்டியே இந்தக் காரின் முழு வடிவம்.

ஒன்று மிக முக்கியம். 144 வோல்ட் நேர்மின்சாரம் உயிரை எடுக்கும். பேட்டரி மூடிக்குக் கீழே உள்ள சுவிட்சை அணைத்து, கெப்பாசிட்டர்கள் வடிய நேரம் கொடுத்து, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல்முறை திறப்பது நல்லது.

நம் ஊரிலும் இந்த வரலாற்றின் ஒரு கிளை உண்டு. 2008இல் இந்தியாவில் ஹோண்டா விற்ற சிவிக் ஹைப்ரிட், இன்சைட்டின் அதே மோட்டார் அமைப்பின் அடுத்த பிறவி. 21 லட்சத்துக்கு மேல் விலை வைத்து, விற்காமல், அதே ஆண்டில் சுமார் 8 லட்சம் குறைத்துச் சரக்கைத் தீர்த்தார்கள். இலங்கையிலோ ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைப்ரிட்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, இருக்கும் வண்டியைச் செல் மாற்றிக் காப்பாற்றும் திறமைக்கு அங்கே மதிப்பு கூடியது.

கலிஃபோர்னியாவில் 25 ஆண்டு தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள காருக்குத் தனி நம்பர் பிளேட் உண்டு. 2000 மாடல் இன்சைட்கள் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன. நான் வாங்கும்போது எதிர்காலத்தில் விலை ஏறும் என்று கணக்குப் போடவில்லை. இனியும் போடமாட்டேன். மற்ற பழங்கார்களைத் துணி போர்த்திக் கொட்டகையில் நிறுத்தலாம். இந்தக் காரை அப்படி நிறுத்தினால் அதன் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். ஓட்டினால்தான் அது பிழைக்கும். எனவே காட்சிக்கு வைக்க விரும்புபவர்கள் வேறு கார் பாருங்கள். ஓட்டவும் திறந்து பார்க்கவும் மனமுள்ளவர்கள், கணக்கு நோட்டோடு ஒரு நல்ல இன்சைட் கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒரு முதல்கட்ட ஹைப்ரிட் பேட்டரி போய் நின்றுகொண்டிருந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போன் செய்யுமுன் செல் அளக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.